உப்பிலி வீட்டு வெள்ளம்

விஜய வருஷம் ஐப்பசி மாதம், வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லாத ஒரு வியாழக்கிழமை காலை, தாழங்கரணைப் பெருமாள் கோயில் தெருவில் உப்பிலியின் வீட்டுக்குள் மட்டும் முழங்கால் அளவுக்கு வெள்ளம் வந்திருந்தது. வாசற்படிக்கு வெளியே தெருவில் புழுதி பறந்துகொண்டிருந்தது. உள்ளே கூடம், தாழ்வாரம், சமையலறை எல்லாவற்றிலும் செம்பழுப்பு நிறத்தில் தண்ணீர் நின்றது. கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. நிலைக்கு நேராகக் கண்ணாடி வைத்து அடைத்தாற்போல் தண்ணீர் அங்கேயே நின்றுவிட்டது. அதில் நாணல் குச்சிகளும், யாருடையதோ ஒரு பிய்ந்த முறமும், விரல் நீளக் கெண்டைகளும் இருந்தன.

தாழங்கரணைக்கு மேற்கே ஏரி. தெற்கே பாலாறு. கிழக்கே, உப்பும் சவுக்குக் கட்டையும் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் படகு போகிற கால்வாய். அதற்கும் அப்பால் கடல். ஐப்பசி, கார்த்திகையில் இந்த நாலில் எது ஊருக்குள் வரும் என்பது வந்த பிறகுதான் தெரியும். வருஷம் தவறாமல் ஏதாவது ஒன்று வந்தது. வந்தபோதெல்லாம் மாடு போயிற்று, விதை நெல் போயிற்று, சில வருஷங்களில் ஆளும் போயிற்று. தலைவிதி என்று சொல்லிக்கொண்டு தை மாதத்தில் சுவர் வைத்துக் கூரை வேய்ந்துகொள்வது ஊர் வழக்கம்.

உப்பிலி அந்தக் கோயிலில் பூஜையும் செய்தார், மடைப்பள்ளியும் பார்த்தார். முன்பு இரண்டு வேலைக்கும் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். தெரு நிறைய வீடுகளில் குடித்தனம் இருந்தது. யுத்தம் முடிந்தபின் உத்தியோகம் என்றும் பிள்ளைகள் படிப்பு என்றும் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாகப் பட்டணத்துக்கும் செங்கல்பட்டுக்கும் போய்விட்டது. கடைசியில் இரண்டு பக்கமும் பூட்டிய கதவுகளுக்கு நடுவில் அவரும் அவர் மனைவி பர்வதமும் மட்டும் இருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. பர்வதம் ஒரு மாசி மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். அதன்பின் அந்தத் தெருவில் கேட்ட மனிதக் குரல் உப்பிலி சொல்லும் மந்திரம் ஒன்றுதான். பெருமாளுக்குக் காட்டிய தயிர்சாதத்தில் பாதியைத் தாம் சாப்பிட்டு, மீதியைக் காக்கைக்கு வைப்பார். காக்கை வராத நாளில் கொஞ்சம் வருத்தப்படுவார்.

குடியானவர்கள் தெற்கே மூன்று தெருக்களில் இருந்தார்கள். அவர்கள் கோயில் வாசல்வரை வருவார்கள், கும்பிடுவார்கள், போவார்கள். உப்பிலியின் வீட்டுப் படி ஏறியது கிடையாது. அவரும் ஏறச் சொன்னது கிடையாது. அது யாரும் போட்ட சட்டம் அல்ல. யாரும் எடுக்காத சட்டம், அவ்வளவுதான். அவர் வைணவர் என்றாலும் ஊரார் ஐயரே என்றுதான் கூப்பிட்டார்கள். சில வருஷம் திருத்திப் பார்த்து அவர் ஓய்ந்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமை அவர் கோயிலிலிருந்து வந்து தண்ணீரைப் பார்த்ததும் முதலில் செய்தது, ஒரு குடத்தை எடுத்து மொண்டு மொண்டு தெருவில் ஊற்றியது. ஊற்றியதைப் புழுதி குடித்தது. உள்ளே மட்டம் இறங்கவில்லை. வைக்கோல் வண்டியோடு அந்தப் பக்கமாக வந்த முனிசாமி இதைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். முனிசாமி பனையேறவும் படகு தள்ளவும் தெரிந்தவன். வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா ஐயரே, வூட்டுக்குள்ள நாத்து நடப்போறியா?"

"பரிகாசம் பண்ணாதேடா. காத்தால போறச்சே தரை காஞ்சு கிடந்தது. இப்போ பாரு, மீன் ஓடறது."

"மீனா? ஐயரு வூட்ல மீனா? அய்யய்யோ, நான் போயி ஊருக்குச் சொல்லிட்டு வர்றேன்."

அரை மணிக்குள் மூன்று தெருவும் அங்கே வந்து நின்றது. யாரும் படி ஏறவில்லை. கழுத்தை நீட்டி, ஒருவர் முதுகில் ஒருவர் ஏறிப் பார்த்தார்கள். பிறகு சாரதாம்பாள் வந்தாள். இரண்டு ஏர் உழவுக்காரி. புருஷனை ஒரு வெள்ளத்திலும் மூத்த மகளை இன்னொரு வெள்ளத்திலும் கொடுத்தவள். அவள் பேசினால் ஊர் கேட்டுக்கொள்ளும். அவள் படிக்குக் கீழே நின்று நிறத்தைப் பார்த்தாள்.

"இது கெணத்துத் தண்ணி இல்ல, ஆத்துத் தண்ணி. கிட்டப் பாக்கணும். நான் உள்ள வரலாமா கூடாதா, ஒரு வார்த்த சொல்லு ஐயரே."

உப்பிலி யோசித்தார். அவருக்குத் தெரிந்தவரை இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஜலத்துக்குத் தீட்டு கிடையாது என்று அவர் தகப்பனார் எப்போதோ ஆற்றங்கரையில் சொன்னது ஞாபகம் வந்தது. பாதி தமக்கும் பாதி அவளுக்குமாக அதைச் சொன்னார். "ஜலத்துக்குத் தீட்டு கிடையாதுன்னு எங்க அப்பா சொல்லுவார். ஜலம் இருக்கிறவரைக்கும் தோஷமில்லை. வாங்கோ."

சாரதாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவள் பின்னாலேயே முனிசாமி, அவன் பின்னால் மற்றவர்கள். கூடத்தில் இடம் போதாமல் சமையலறையில் போய் நின்றார்கள். ஒருத்தி ஊஞ்சலில் குழந்தையைப் படுக்க வைத்தாள். பர்வதத்தின் அரிவாள்மணை மிதந்து போனதைப் பிடித்து ஒரு பெண் மாடத்தில் வைத்தாள். பொழுது சாயும்வரை பேச்சும் சிரிப்புமாக இருந்தது. உப்பிலி நடுவில் நின்றுகொண்டு எல்லாரையும் வாங்கோ, வாங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தார், வந்தவர்களையே திரும்பவும்.

இரண்டு மூன்று நாளில் மழை பிடித்தது. பாலாறு ஊருக்குள் வந்தது. எல்லார் வீட்டிலும் முழங்கால் அளவு. உப்பிலி வீட்டில் அன்று தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தெருவில் வந்த வெள்ளமும் வீட்டில் இருந்த வெள்ளமும் வாசற்படியில் ஒன்றையொன்று தொட்டபோது ஒரே மட்டமாக இருந்தன. அதைப் பார்த்தவர் பலர்.

அடுத்த ஜய வருஷத்தில் அவர் வீட்டில் இடுப்பளவு நின்றது. சாரதாம்பாள் வந்தாள், மட்டம் பார்த்தாள், மாட்டை அவிழ்க்கச் சொன்னாள். பாதிப்பேர் சிரித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள். சிரித்தவர்களின் மாடுகள்தான் அந்த வருஷம் போயின. அதற்கு மறு வருஷத்திலிருந்து யாரும் சிரிக்கவில்லை. உப்பிலி வீட்டு மட்டத்துக்கு மேல் ஒரு முழம் வைத்துப் பரண் கட்டுவது, விதை நெல்லைப் பானையில் இட்டு வாயை மண்ணால் பூசிப் பனை உச்சியில் கட்டுவது, ஊரிலிருந்து பனந்தோப்பு மேடு வரைக்கும் மரத்துக்கு மரம் கயிறு இழுத்து வைப்பது, வாழைமரத்தை வெட்டித் தெப்பம் பிணைப்பது, ஏரிக்கரை இளகின இடத்தில் சவுக்கு முளை அடித்து வைக்கோலும் களிமண்ணும் திணிப்பது, ஆற்றோரம் தாழையும் நாணலும் நட்டு விடுவது என்று ஒவ்வொன்றாக வழக்கத்துக்கு வந்தன. கயிற்றுக்காக ஆட்கள் கருங்குழி சந்தைவரை போனார்கள். மேட்டில் எல்லாரும் சேர்ந்ததும் விளக்கு வைக்கிற வேளையில் சாரதாம்பாள் நின்றுகொண்டு வீட்டு அடையாளம் சொல்லிக் கூப்பிடுவாள். புளியமரத்து வூடு என்பாள். கீறோம், அதாவது இருக்கிறோம், என்று குரல் வரும். கோடி வூடு, கீறோம். ஒரு வீட்டுக்குப் பதில் வராவிட்டால் தெப்பம் உடனே திரும்பும். அந்தப் பேர் வரிசையில் உப்பிலியின் வீடு கிடையாது. அவர் மேட்டுக்குப் போனதில்லை. பெருமாளைத் தனியே விட முடியாது என்று சொல்லிக் கோயில் மண்டபத்தின் மேல்தளத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து பார்த்தால் மேட்டில் நெருப்பு தெரியும். காற்று வாட்டம் சரியாக இருந்தால் பேர் கூப்பிடுகிற சத்தமும் கேட்கும்.

இதைக் கேள்விப்பட்டு செங்கல்பட்டிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்று நாலு பக்கமும் பார்த்தார். ஓடு மாற்ற வேண்டும் என்று உப்பிலியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நிற்க. தண்ணீர் வடிந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். வெள்ளம் இறங்கின மறுநாள் உப்பிலி வீட்டைக் கழுவி, சாணி தெளித்து, கதவை ஒருக்களித்து வைப்பார். அன்றோடு சரி. ஜலம் இருக்கிறவரைக்கும் என்று அவர் சொன்ன வார்த்தையை ஊர் மறக்கவில்லை, மீறவும் இல்லை. முனிசாமி வைக்கோல் வண்டியோடு போகும்போது தெருவிலிருந்தே, "இன்னா ஐயரே, சௌக்கியமா?" என்பான். இருக்கேன்டா என்பார். வண்டி போய்விடும். வாடா உள்ளே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வரட்டுமா என்று கேட்க அவனுக்கும் தோன்றவில்லை. ஐப்பசி வருவதற்கு அவர் நாள் பார்த்துக்கொண்டிருந்தார். புரட்டாசியிலேயே கூடத்தை ஒழித்து, வருகிறவர்கள் தண்ணீரில் தடுக்கி விழாதிருக்க அம்மி, உரல் எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளி வைப்பார்.

துன்முகி வருஷத்தில் மழை பொய்த்தது. ஏவிளம்பி வருஷத்திலும் தூறலோடு போயிற்று. இரண்டு ஐப்பசியிலும் உப்பிலி விடிந்ததும் கோயிலுக்குப் போய், பூஜையைக் கொஞ்சம் அவசரமாகவே முடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. பாச்சை ஓடியது. ஏவிளம்பி, புதுப் பைசா வந்த வருஷம். கோயில் தட்டில் விழுந்த புதுக் காசு எது, பழைய காசு எது என்று கேட்க ஆளில்லாமல் எல்லாவற்றையும் ஒரே சொம்பில் போட்டு வைத்தார். பூட்டிய வீடுகளில் ஒன்றின் கதவுக்கு முன்னால் நின்று, இந்த வருஷமும் இல்லை போலிருக்கு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததைப் பூ கொண்டு வந்த பெண் பார்த்திருக்கிறாள். ஊரும் அந்த இரண்டு வருஷத்தில் அயர்ந்துவிட்டது. மேட்டுக்கு இழுத்த கயிறு வெயிலில் கிடந்தது. தெப்பத்துக்கு வைத்த வாழை தாறு தள்ளி முடிந்து விழுந்தது. ஏரிக்கரையில் ஆடு ஏறி ஏறி ஒரு வழியே உண்டாயிற்று.

விளம்பி வருஷம் ஐப்பசி பிறந்து பாதி போனது. ஒரு நாள் காலை, பூஜை முடிந்த கையோடு, உப்பிலி வீட்டுக் கதவைச் சாத்தினார். முற்றத்துச் சாக்கடை வாயில் பழைய வேஷ்டியைச் சுருட்டி அடைத்தார். வாசற்படிக்கு உட்புறம் களிமண்ணால் ஒரு வரப்பு கட்டினார். பிறகு கொல்லைக் கிணற்றில் இறைக்க ஆரம்பித்தார். இரண்டு ஆள் ஆழக் கிணறு. இறைத்து, தூக்கி வந்து, கூடத்தில் ஊற்றி, திரும்பப் போனார். பழைய தரை, ஊற்றியதில் பாதியைக் குடித்தது. மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. பெருமாளுக்கு அன்று தளிகையும் பண்ணவில்லை. அவருடைய ஆயுசில் அப்படி ஒரு நாள் அதுதான். பொழுது சாயும்போது கணுக்கால் மூடியது. அது போதாது என்று அவருக்கே தெரிந்தது. மறுநாளும் கோயில் காரியத்தை முடித்த கையோடு இறைத்தார். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் கதவைத் திறந்துவிட்டு, படியில் நின்று, பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படி, "ஜலம் வந்துடுத்து, எல்லாரும் வாங்கோ" என்று குரல் கொடுத்தார். அவர் கால் பட்டுக் களிமண் வரப்பு உடைந்து, தண்ணீர் படிமேல் வழிந்து தெருப் புழுதியில் ஓடியது.

வந்தார்கள். முனிசாமி வாசலில் கொஞ்சம் தயங்கி, காலடியில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். சாரதாம்பாள் கூடத்தின் நடுவில் நின்றாள். ஒரு கை மொண்டு வாயில் வைத்துப் பார்த்தாள். தெளிந்த தண்ணீர், அடியில் தரையில் போட்டிருந்த பழைய செம்மண் கோலம்கூடத் தெரிந்தது. அவள் நிமிர்ந்து உப்பிலியின் கைகளைப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துத் தோல் உரிந்து கிடந்தன. அவர் கைகளை அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார். முகத்தை அவளுக்குக் காட்டாமல் சுவரைப் பார்த்து நின்றார்.

"முழங்காலுக்கு வரும்போலக் கீது," என்றாள் சாரதாம்பாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? மாட்ட அவுருங்க."

ஊர் அவிழ்த்தது. மேட்டுக்குப் போகிற வழியில் கயிற்றைப் பிடித்த முதல் ஆள் கையோடு கயிறு வந்துவிட்டது, அவ்வளவு இற்றுப்போயிருந்தது. மேட்டின்மேல் கருவேலமுள் மண்டி, மாடு நிற்கவும் இடம் இல்லை. ஏரிக்கரையில் ஆட்டு வழி பட்ட இடத்தில் கம்பை விட்டால் முழக் கம்பு உள்ளே போனது. வந்தது வந்தாகிவிட்டது என்று கரையை அடைத்தார்கள், முள்ளை வெட்டினார்கள், புதுக் கயிறு திரித்துக் கட்டினார்கள், பரணை உயர்த்தினார்கள். வெள்ளம் வரவில்லை. வானம் வெள்ளைத் துணியாகக் கிடந்தது. சில நாள் மேட்டில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். ஒருவரும் உப்பிலியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வீட்டுத் தண்ணீர் தரையில் ஊறி, ஓரங்களில் பாசி பிடித்து, தானாக வற்றியது. அதன்பின் அவர் கதவை ஒருக்களித்தும் வைக்கவில்லை, சாத்தியே வைத்தார். முனிசாமியின் வண்டிச் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் போய்விடுவார். பூ கொண்டு வருகிற பெண்ணிடமும் கூடையை மண்டபத்தில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

கார்த்திகை தீபம் முடிந்த மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, யாருக்கும் சொல்லாமல் பாலாறு வந்தது. கடலில் புயல் நின்று கால்வாயை எதிர்த்துத் தள்ளியதால் ஆறு போக இடமில்லாமல் ஊரில் ஏறியது. உப்பிலி வீட்டில் முன்கூட்டி ஒரு சொட்டும் காணப்படவில்லை. ஆனால் கயிறு புதுசாக இருந்தது, கரை கெட்டியாக இருந்தது, மேட்டில் இடம் இருந்தது. பொழுது உச்சிக்கு வரும்முன் மூன்று தெருவும் மேடேறிவிட்டது. தண்ணீர் இடுப்பு, மார்பு என்று ஏறி, கடைசியில் கூரை விளிம்புவரை வந்து நின்றது. அந்த அளவு வெள்ளத்தை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

விளக்கு வைக்க நேரம் இருக்கும்போதே, இருட்டு கட்டிக்கொண்டு வருகிறதே என்று சாரதாம்பாள் பேர் கூப்பிட ஆரம்பித்தாள். எல்லா வீடும் பதில் சொன்னது. முடிந்ததும் உட்காரப் போனவள் திரும்ப நின்று, "ஐயரு வூடு," என்றாள். அவள் இரண்டாம் தடவையும் கூப்பிட்டாள். கோயில் மண்டபத்து மேல்தளத்தைப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை, இரண்டு குரங்குகள் உட்கார்ந்திருந்தன. முனிசாமியும் துரை என்ற இன்னொருவனும் தெப்பத்தை அவிழ்த்தார்கள். துரை முனிசாமியின் மச்சான். தண்ணீரில் கிடக்கிற எதையும் வெளியே எடுத்துவிடுவான் என்று பேர்.

உப்பிலி அன்று காலை பூஜை முடித்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கண் அயர்ந்துவிட்டார். விழித்தபோது வீட்டுக்குள் வெளிச்சம் பச்சையாக இருந்தது. கதவைத் திறந்தார். வாசலில் வெள்ளம் சுவர் மாதிரி நின்றது, நிலையின் அடியிலிருந்து உச்சிவரை. உள்ளே வரவில்லை. ஒரு விரலை வைத்தார், விரல் நனைந்தது. எடுத்ததும் துளை மூடிக்கொண்டது. சன்னலிலும் அப்படியே. ஒரு விரால் சன்னலருகே வந்து அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போயிற்று. பக்கத்து வீட்டின் பூட்டிய கதவு ஒன்று பெயர்ந்து, பூட்டோடு, அவர் தலை உயரத்துக்கு மேலே மிதந்து போவதைப் பார்த்தார். கூடத்துத் தரை உலர்ந்து கிடந்தது. தாழங்கரணையில் அன்று காய்ந்த வீடு அது ஒன்றுதான். அவர் முற்றத்தின் நடுவில் போய் உட்கார்ந்து, மேலே சதுரமாகத் தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடலாம் என்று தோன்றியது. யாரைக் கூப்பிடுவது, போன தடவை கூப்பிட்ட வாயால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இருந்துவிட்டார்.

தெப்பம் ஓட்டு விளிம்பில் வந்து இடித்தது. முனிசாமி ஓட்டின்மேல் தவழ்ந்து வந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் முற்றத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஐயரே, ஊரே முழுகிக் கெடக்குது, நீ இன்னா காஞ்ச எடத்துல குந்திகினுகீறே?"

உப்பிலி எழுந்து நின்றார். வெகு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "முனிசாமி, அன்னிக்கு வந்தது வெள்ளம் இல்லைடா. நான்தான் கிணத்து ஜலத்தை எறைச்சு ஊத்தினேன்."

"தெரியும்."

"என்னது?"

"தெரியும்னேன். உன் வூட்டு வெள்ளம் என்னிக்கு வாசப்படி தாண்டிச்சு? அன்னிக்குத் தெருவுல ஓடிச்சே. இதோ கீறானே என் மச்சான், இவனுக்கே தெரிஞ்சு போச்சு."

"எனக்கு மொதல்லயே தெரியும்," என்றான் துரை, தெப்பத்தைப் பிடித்துக்கொண்டு. "கோலம் தெரியுதுடா தண்ணியிலன்னு நான்தான் இவனுக்குச் சொன்னேன் சாமி."

"அப்புறம் ஏன்டா எல்லாரும் மேட்டுக்குப் போனேள்?"

முனிசாமி கயிற்றை இறக்கிக்கொண்டே சொன்னான். "சாரதாம்பாக்கா சொல்லிச்சு. அந்த மனுசன் அம்மாம் ஆழக் கெணத்துலேர்ந்து ஒத்த ஆளா மொண்டு ஊத்திகீறாரு, கையெல்லாம் பிஞ்சு போயிருக்குது; அதுக்காவது ஒரு நட போயிட்டு வருவோம்னுச்சு. போனோம். கயிறு இத்துகினு கெடந்தது. நீ ஊத்தலேன்னா இன்னிக்கு நாங்கல்லாம் போயிருப்போம். பேசிகினே நிக்காத, புடி."

உப்பிலி கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார். அவருடைய கால் முற்றத்துத் தரையை விட்டு எழுந்த உடனே வாசலிலும் சன்னலிலும் நின்ற தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே வந்து, ஊஞ்சலையும் அம்மியையும் மூடி, மற்ற வீடுகளின் மட்டத்துக்கு வந்து நின்றது. அவர் ஓட்டின்மேல் உட்கார்ந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தெப்பத்தில் போகும்போது, பெருமாளுக்கும் மார்புவரை ஜலம் வந்திருக்கும் என்று சொன்னார். "அவரு நிப்பாரு சாமி, நின்ன திருக்கோலந்தான," என்றான் துரை. மேட்டில் சாரதாம்பாள் திரும்ப முதலிலிருந்து பேர் கூப்பிட்டாள். ஐயரு வூடு என்று கடைசியில் வந்தபோது, இருக்கேன் என்று அவர் சொன்னார். கீறோம் என்றுதான் சொல்லணும் என்று சில பேர் சிரித்தார்கள். மேட்டில் இருந்த நாள்களில் பெரிய பானையில் அவர்தான் சமைத்தார். உப்பு கொஞ்சம் கம்மி என்று முனிசாமி தினமும் குறை சொன்னான். காக்கைக்கு மிஞ்சவில்லை.

அந்த வெள்ளத்தில் மண் சுவர்கள் எல்லாம் கரைந்தன. ஆள் சேதம் இல்லை. ஒரு கிடாரிக் கன்று மட்டும் போயிற்று. தை மாதத்துக்குள் ஊர் சுவர் வைத்துக் கூரை வேய்ந்துகொண்டது. உப்பிலியின் வீடு பழைய செங்கல் கட்டடம் ஆதலால் நின்றது. அவர் சேற்றை வாரிக் கொட்டி, கழுவி, தரை காய்ந்ததும் வழக்கம்போலக் கதவை ஒருக்களித்து வைத்தார். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மாசி பிறந்து ஒரு நாள் மத்தியானம் முனிசாமி வண்டியை நிறுத்தி இறங்கினான்.

"ஐயரே, உள்ள வரலாமா?"

உப்பிலி வாசலில் வந்து நின்றார். "ஜலம் வடிஞ்சுடுத்தேடா."

முனிசாமி யோசித்தான். வாசல் ஓரம் கால் அலம்ப வைத்திருந்த தவலையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு தன் இரண்டு பாதத்திலும் ஊற்றிக்கொண்டான். "இதோ தண்ணி கீது."

உப்பிலி அவன் பாதங்களைப் பார்த்தார்.

"எவ்ளோ தண்ணி இருக்கணும்னு உங்க அப்பாரு சொன்னாரா?"

"அளவு சொல்லலை."

"அப்ப செரி," என்று சொல்லிவிட்டு முனிசாமி படி ஏறி, கூடத்தைக் கடந்து, ஊஞ்சலில் போய் உட்கார்ந்தான். உப்பிலி சமையலறைக்குள் போய்த் தயிர்சாதம் கொண்டு வந்தார். உப்பு கம்மிதான்.

மறுநாள் துரை வந்தான். அதற்கு அடுத்த நாள் சாரதாம்பாள், முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே, இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்தாள். பிறகு வருகிறவர்களுக்குக் கணக்கில்லை. அவர்கள் நடந்த ஈரத் தடங்கள் கூடத்தில் பதிந்தன. போனபிறகும் அப்படியே இருந்தன. பங்குனி வெயிலிலும் அவை உலரவில்லை. உப்பிலி துணியால் துடைத்துப் பார்த்தார். துணி நனைந்தது, தடம் போகவில்லை. அதன்பின் அவற்றைச் சுற்றிப் பெருக்கினார். அகலமாக, விரல் விரிந்து இருந்தது முனிசாமியின் தடம். ஒரு பக்கம் அழுத்தமாக இருந்தது சாரதாம்பாளுடையது. எது யாருடையது என்று வீட்டுக்கு வருகிற குழந்தைகள்கூடச் சொல்லும். அவர் தம்முடையதையும் ஒரு நாள் கதவருகே கண்டார்.

விகாரி வருஷம் ஐப்பசியில் சாரதாம்பாளின் தடத்தில் முதலில் தண்ணீர் ஊறியது. செம்பழுப்பு நிறம், ஒரு உள்ளங்கையில் கொள்ளுகிற அளவு. அவள் தன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு முதலில் மேட்டுக்குப் போனாள். அடுத்துத் துரையுடையது நிறைந்தது, அவன் போனான். வெள்ளமும் அவள் வீட்டில்தான் முதலில் புகுந்தது, பிறகு அவன் வீட்டில். அதிலிருந்து ஊரில் அது வழக்கமாயிற்று. யார் தடம் நிறைகிறதோ அவர்கள் கிளம்புவார்கள். உப்பிலியின் தடம் எப்போதும் கடைசியில்தான் நிறையும். மற்ற எல்லாரும் போவதைப் பார்த்துவிட்டு, கோயில் நடையைச் சாத்தி, வீட்டுக் கதவைத் திறந்தே போட்டுவிட்டு அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அவர் வந்து சேருகிறவரைக்கும் மேட்டில் யாரும் பேர் கூப்பிட ஆரம்பிப்பதில்லை.